எழுபத்தொன்றில் நின்ற தெரு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. வடிவு தன் கல்லூரித் தோழிக்குச் சொன்னாள், அந்தத் தோழி விடுதி அறையில் எனக்குச் சொன்னாள். இரண்டு வாய் தாண்டி வந்ததில் எது கூடியது, எது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது; கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். நானே போய்ச் சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்று, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாமிரபரணிக்கு வடக்கே, பாபநாசம் பஸ் போகிற சாலையிலிருந்து பிரிந்து, ஆற்றைப் பார்க்க இறங்கி, இருபது வீட்டோடு முடிந்துவிடுகிற தெரு ஒன்று உண்டு; நடுவூற்றுத் தெரு என்று பெயர். இருபது வீட்டிலும் பெண்கள் மடியில் சுளகை, அதாவது முறத்தை வைத்துப் பீடி சுற்றினார்கள். பதினேழாவது வீட்டில் கோமதி சுற்றிய பீடியில்தான் அவள் மகள் வடிவு படித்துப் பட்டம் வாங்கினாள், தெருவிலேயே முதல் பட்டம் அது. அதனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும், மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், செல்போனில் எழுத்து பெரிதாகிவிட்டால் சின்னதாக்கவும் எல்லோரும் அவளிடம் வந்தார்கள், அவளும் தெரியாது என்ற சொல்லை அந்தத் தெருவுக்குள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அம்மா இத்தனை வருஷம் குனிந்திருந்தது வீணாகிவிடும் என்று பயந்தாள்.

அந்த வருஷம் விஜயதசமி ஐப்பசியில் வந்தது. வீட்டில் வடிவின் மதினி பிரமசக்திக்கு நிறைமாசம். தாய்வீடு என்று சொல்ல ஆளில்லாதவள், அதனால் தலைப்பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது. அண்ணன் லாரியோடு வடக்கே போயிருந்தான். மேலத்தெருவில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, உள்ளே பழுதாகி, தொடக்கத் திரைக்கு மேல் போகாமல் உள்அறையில் கிடந்தது. அதற்குப் புதிதாக ஓ.எஸ். போட்டால், அதாவது கம்ப்யூட்டர் எழுந்து நடப்பதற்கான அந்த அடிப்படையை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்று, கல்லூரியில் மூத்தவனான பெல்வின் ஒரு டிஸ்க் கொடுத்திருந்தான்.

ஆயுதபூஜை அன்று சாயங்காலம் கோமதி பீடிக் கத்தரியையும், இலை வெட்டும் தகட்டையும், நூல் கண்டையும் கழுவி சாமி முன்னால் வரிசையாக வைத்தாள். கடைசியில் மகளின் டிஸ்கையும் வைத்தாள். ஒரு பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் கண்ணாடி மாதிரியும் இருந்தது. பளபளக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, அந்த முகத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் நடுவில் அழுத்தமாகக் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்று வடிவுக்குத் தெரியும். கையை நீட்டினாள். சொல் வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் நல்ல நேரத்தில் டிஸ்கை எடுத்தபோது சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்தது, குங்குமம் எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருந்தது. துடைக்கலாம். ஆனால் பின்னால் அம்மா நின்றாள், அம்மாவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றாள். நிறைமாசக்காரி பார்த்திருக்க, விஜயதசமி அன்று, ஒரு பெண் குங்குமத்தை அழிப்பதா? ஒரு சின்னப் பொட்டு என்ன செய்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வடிவு டிஸ்கை உள்ளே தள்ளினாள்.

பத்து, இருபது, நாற்பது என்று எண் ஏறியது. கோமதி சூடம் காட்டினாள். ஒன்பதே முக்காலுக்கு எழுபத்தொன்று வந்தது, ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது, அங்கேயே நின்றது.

அந்த நிமிஷத்தில் தெருவும் நின்றது.

நின்றது என்றால் அசையாமல் நின்றது என்று அர்த்தமில்லை. தொடங்கியது எதுவும் நூற்றில் எழுபத்தொன்றுக்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான். அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறாமல் நடுக்கழுத்தில் நுரைத்து நின்றது, குழாயடியில் குடங்கள் முக்காலுக்குச் சற்றுக் கீழே நிறைந்து அதற்குமேல் ஊற்றிய தண்ணீரை வாங்க மறுத்தன, மூன்றாம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டதும், மூன்றாவது முடிச்சுக்குக் கயிற்றை வாங்கிய மாப்பிள்ளையின் அக்காவுக்கு விரல் ஓடவில்லை. கயிற்று நுனியை விட்டால் அபசகுனம் என்று அவள் பிடித்தபடியே நின்றாள், நின்றபடியே மூன்று நாள் சாப்பிட்டாள்.

அதே ஒன்பதே முக்காலுக்கு மதினிக்கு வலி எடுத்தது.

தெரு பயப்படவில்லை. பயப்பட நேரம் இல்லை, சுளகில் தூள் கிடந்தது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒருத்தி சுற்றினால் பதினேழில் கை நின்றது. சுளகைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தள்ளினால் அவள் மீதி எட்டில் ஐந்து சுற்றினாள், அடுத்தவள் இரண்டு, நான்காமவள் கடைசி ஒன்று, அந்த ஒன்றும் நுனி கொஞ்சம் குட்டையாகத்தான் வந்தது. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவள் பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பது அந்தத் தெருவில் எப்போதும் உள்ள பழக்கம்தான், ஆகவே சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சுளகுகள் வீடு விட்டு வீடு போகத் தொடங்கின. ஒரு படிச் சோறு வேண்டுமென்றால் ஒன்றரைப் படி வடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியவன், வழியில் நின்றுவிடாமல் இருக்க, அம்பாசமுத்திரத்துக்கு என்று புறப்பட்டான். ஆனால் சும்மா நினைத்தால் கால் நடக்காது, பொய் நினைப்பு அந்த மூன்று நாளும் செல்லவில்லை, உண்மையாகவே அம்பாசமுத்திரத்தில் ஒரு வேலையை மனசில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சண்டையில் கடைசிச் சொல் யாருக்கும் வாய்க்கவில்லை, அதனால் மூன்று குடும்பங்கள் மறுபடி பேசிக்கொண்டன. கரண்ட் போனபோது அதுவும் முழுசாகப் போகவில்லை, பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்த காலம் அது, இதுக்கு இப்படியே நின்றுவிடலாம் என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

"நல்லதுக்குத்தாம்ளா நிக்கு," என்றாள் எதிர்வீட்டு இசக்கி அத்தை. கணவன் இறந்து இருபது வருஷம் ஆனவள், வாய்க்குத் தெருவே பயப்படும். "எங்க மாமியா என்னைய வைய ஆரம்பிச்சா, மூதின்னு சொல்லதுக்குள்ள நின்னு போச்சு. மூ, மூன்னே நிக்கா. பாவமா இருந்துச்சு, மீதிய நானே சொல்லிக் குடுத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள், வடிவைத் தவிர. அவளுக்குக் காரணம் தெரியும். எண்ணைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

மூடிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம் என்று சுவிட்சை அணைத்தாள், திரை முக்காலளவு மங்கி அப்படியே நின்றது. வயரைப் பிடுங்கினாள், எண் மட்டும் மங்கலில் தெரிந்தது. பெட்டியைத் திறந்து, மெமரி கார்டை எடுத்து, அதன் தங்கப் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள், தூசியை ஊதினாள், வயர்களைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தினாள். ஒவ்வொன்றையும் செய்து ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதினாள், கல்லூரிச் சோதனைக் கூடத்தில் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரி. எழுத எழுதத் தனக்கே தெரிந்தது, அந்த ஒன்றைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று. பெல்வினுக்குப் போன் போட்டாள்.

"டிஸ்க்க வெளிய எடுத்துத் திருப்பிப் பாரு, பளபளன்னு இருக்க பக்கத்துல ஏதாவது..." என்றான், போன் நின்றுவிட்டது.

கிராம நர்ஸ் ஜெசிந்தா முதல் நாள் வந்தபோது பன்னிரண்டாம் வீட்டு வாசலோடு கால் நின்றுபோனது. "சிஸ்டர், ஆத்துக்குக் குளிக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டு வாங்க," என்று இசக்கி அத்தை கத்தினாள். "சும்மா நெனச்சா வராது, துண்டு எடுத்துட்டு வாங்க!" ஜெசிந்தா திரும்பிப் போய்த் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு, குளிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டுக்கொண்டு ஆற்றைப் பார்க்க நடந்தாள், கால் சரியாக வடிவு வீட்டு வாசலில் நின்றது. அப்படித்தான் மூன்று நாளும் வந்தாள்.

"ஏழு சென்டிமீட்டர் தொறந்திருக்கு," என்றாள் பார்த்துவிட்டு. "பத்து வரணும். தலைப்பிரசவம், மெதுவாத்தான் வரும்."

மறுநாளும் ஏழு. வலி ஏறும், உச்சிக்குப் போகாமல் பாதிக்கு மேல் நின்று இறங்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று கட்டிலோடு தூக்கினார்கள், ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. தூக்கினவர்கள் எல்லோரும் மதுரைக்குப் போகிற நினைப்பை மனசில் கட்டிக்கொண்டார்கள், ஆனால் கட்டிலில் கிடந்தவளுக்கு அது முடியவில்லை. அவள் மனசில் ஆஸ்பத்திரியும் பிள்ளையும்தான் இருந்தன, அதற்கு அப்பால் ஒரு ஊர் இல்லை. ஆறாம் வீட்டு வாசலில் கட்டில் கல்லாய்க் கனத்தது. இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் அவள் நிறம் மாறுவதைப் பார்த்த ஜெசிந்தா, "போதும், வீட்டுக்கே கொண்டு போங்க, அலைக்கழிச்சா ரெண்டு உசுருக்கும் ஆபத்து," என்றாள்.

சோற்றுக்கு ஒன்றரைப் படி போடலாம். பிறப்புக்கு ஒன்றரைப் பிள்ளை போட முடியாது. அதைத் தெரு அப்போதுதான் புரிந்துகொண்டது, அன்றைக்குப் பிறகு யாரும் நல்லதுக்குத்தான் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெசிந்தா வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். "நேத்து துடிப்பு நூத்தி நாப்பது. இப்ப நூத்திப் பத்து," என்றாள் வடிவிடம், மெல்ல. "என்னமாச்சும் பண்ணணும்னா இன்னைக்குத்தான் பண்ணணும். நீ படிச்ச புள்ள, ஒனக்கு என்னமும் தெரியுதா?"

தெரியும் என்று சொல்ல முதல் தடவையாக வடிவு பயந்தாள்.

உள்ளே போனாள். டிஸ்க் தட்டு முக்காலளவு வெளியே வந்து நின்றது. விரலை விட்டு டிஸ்கை நிமிண்டி எடுத்தாள். கண்ணாடிப் பக்கத்தில் அம்மாவின் மோதிர விரல் நுனி அளவுக்குச் சிவப்பு இருந்தது. பாவாடை நுனியால் துடைத்தாள். பெரும்பங்கு போனது, மீதி போகவில்லை. எத்தனை தேய்த்தாலும் அவள் கைக்கு அவ்வளவுதான்.

டிஸ்கைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். அம்மா அங்கே வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். இருபது வீட்டுப் பெண்களும் சுளகுகளோடு அங்கேதான் இருந்தார்கள். சுளகை இப்போது கைமாற்றிக் கைமாற்றிச் சுற்ற வேண்டியிருந்ததால் பகலெல்லாம் அதுதான் அவர்கள் இடம்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "கம்ப்யூட்டர் எழுபத்தொண்ணுல நிக்கி. அதோட சேந்துதான் தெருவும் நிக்கி. இந்த டிஸ்க்குல குங்குமம் ஒட்டியிருக்கு. அம்மா பூசையில வச்சது. நான் தொடச்சேன், என் கைக்கு முழுசா போகல. ஒவ்வொருத்தரும் தொடச்சா போயிரும். ஆனா அம்மா வைக்கும்போது நான்..."

அங்கே நின்றது. பார்த்தேன், தெரிந்திருந்தும் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று மீதி இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருவன் சொல்ல வந்ததில் எது எழுபத்தொன்று, எது மீதி என்று யார் பிரிக்கிறார்களோ தெரியவில்லை, அன்றைக்கு அம்மாவின் பங்கு முழுசாக வெளியே வந்தது, மகளின் பங்கு வாய்க்குள் நின்றது.

இருபது வீட்டுப் பெண்களும் கோமதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி கோமதி," என்றாள் கல்யாண வீட்டுக்காரி. "சாமிக்கு வைக்கத எங்கெல்லாம் வைக்கதுன்னு இல்லியா?"

கோமதி குடத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் டிஸ்கை வாங்க ஒரு கையும் நீளவில்லை. தாலி கட்டிய பெண் எவள் குங்குமத்தை அழிப்பாள்? அதுவும் பூசைக் குங்குமத்தை, அதுவும் ஒருத்தி பிள்ளை வலியில் கிடக்கும்போது? மனசுக்குள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காரனை நினைத்தாள். கொத்தனார், லாரிக்காரர், கேரளத்துக்குப் போனவர், குடிகாரர், யாராக இருந்தாலும் நினைத்தாள்.

"எட்டி, இங்க கொண்டா," என்றாள் இசக்கி அத்தை. சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எனக்கு அழிக்கதுக்கு இனி என்ன இருக்கு? அன்னைக்கு ஏழு பேரு சேந்து என் நெத்தியில அழிச்சீங்க, அப்ப ஒருத்திக்கும் கை கூசல. இன்னைக்கு ஒரு தட்டுல அழிக்கக் கூசுதோ?"

முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்தாள். குங்குமத்தின் மிச்சம் இன்னும் குறைந்தது. டிஸ்கைப் பதினாறாம் வீட்டுக்காரியின் மடியில் போட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள். பிறகு அது பீடிச் சுளகு போலவே போனது, கை விட்டுக் கை, முந்தானை விட்டு முந்தானை, ஒருத்தி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துடைத்தாள், ஒருத்தி அழுதுகொண்டே துடைத்தாள், கல்யாண வீட்டுக்காரி வைதுகொண்டே துடைத்தாள், மூன்று நாள் கயிற்றைப் பிடித்து நின்றவளுக்கும் ஒரு கை சும்மா இருந்தது, அவள் வாசலுக்கே கொண்டு போய்க் கொடுத்து அந்த ஒரு கையால் துடைக்கவைத்தார்கள், அது மூன்றாம் வீட்டுக் கணக்கில் சேர்ந்தது. ஒவ்வொருத்தியும் மிச்சத்தில் தன் பங்கைத்தான் அழித்தாள். மற்றப் பத்தொன்பது வீடும் ஆயிற்று. சிவப்பு, ஊசிமுனையால் தொட்ட அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் இருந்தது.

"யம்மா," என்று வடிவு நீட்டினாள். "நீயும் ஒரு தடவ."

கோமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்ட்டி. வச்ச கை அழிக்காது. என் கை படவும் வேண்டாம். கொண்டு போ."

கெஞ்ச நேரம் இல்லை, உள்ளேயிருந்து ஜெசிந்தா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடிவு ஓடிப்போய் டிஸ்கைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். கம்ப்யூட்டர் முனகியது. எழுபத்தொன்று. எழுபத்தொன்று. ஜன்னலில் பெண்களின் தலைகள். எழுபத்தொன்று. பிறகு, ஒரு பெரிய மூச்சை விட்டதுபோல், எழுபத்திரண்டு.

நூறு வருவதற்குள் இருபது அடுப்பிலும் பால் பொங்கி வழிந்தது. குடங்கள் நிறைந்து தெருவில் தண்ணீர் ஓடியது, மூன்றாம் வீட்டில் மூன்றாவது முடிச்சு விழுந்து, முடிச்சுப் போட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தூங்கிப்போனாள், இசக்கி அத்தையின் மாமியார் மூன்று நாளாக வாயில் வைத்திருந்த சொல்லை முழுசாகச் சொல்லி முடித்தாள், நூறு வந்ததும் கரண்ட் போய்த் தெரு உண்மையாகவே இருண்டது. அந்த இருட்டில் பெண் குழந்தை அழுதது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தெரு இரண்டே நாளில் மறந்தது. ஒன்று மட்டும் மறக்கவில்லை, குழாயடியில் கோமதியின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் குடத்தை வைக்கவில்லை. வடிவு பார்த்தாள். இப்போது வாய் தடை இல்லை, எந்த வாக்கியத்தையும் முடிக்கலாம். ஆனாலும் அவளுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் அம்மா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யம்மா, அன்னைக்கு நான் மீதிய சொல்லல. நீ வைக்கும்போது நான் பாத்தேன். அந்தப் பக்கம் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ட்டி," என்றாள் கோமதி, எண்ணெய்க் கையை நிறுத்தாமல். "கையை நீட்டிட்டு இழுத்துக்கிட்டயே. நான் பாக்கலன்னா நெனச்ச?"

"பொறவு ஏன் கேக்கல?"

"நீ படிச்சவ. காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

வடிவுக்கு அழுகை வந்தது. அன்று சாயங்காலம் குழாயடிக்குப் போய், குடங்களுக்கு நடுவில் நின்று, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். இசக்கி அத்தை தன் குடத்தை நகர்த்திக் கோமதியின் குடத்தோடு ஒட்டி வைத்தாள். மற்றவர்கள் வைத்தார்களா என்று தோழிக்குத் தெரியவில்லை. வடிவு அதைச் சொல்லவில்லையாம்.

கதையைக் கேட்டு நெடுநாள் கழித்து நான் அந்தத் தெருவுக்குப் போனேன். அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வடிவு வேலைக்குப் போயிருந்தாள். எண்ணிப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னேன். பிள்ளை சிரித்துக்கொண்டு கையை விரித்துக் காட்டினாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். கோமதி வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது கால் சுண்டுவிரல் மொழுமொழுவென்று இருந்தது. பிறந்ததிலிருந்தே அங்கே முளைத்ததில்லை என்றாள் பிள்ளை. இரண்டு தடவை எண்ணினேன். பத்தொன்பது நகம்.